கையெழுத்து நாளில் எழும்பிப் போனவர்கள்

திருகோணமலையில் காணி, வீடு பார்த்துக் கொடுக்கிற வேலைக்கு நான் வந்து 16 வருஷம். அதற்கு முன்னால், காணி எழுதிப் பதிகிற நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வாங்குகிறவர் வருவார், விற்கிறவர் வருவார், சாட்சிகள் இரண்டு பேர் வருவார்கள், கையெழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்த மேசையிலிருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கையெழுத்துக்கு முதல்நாள் ராத்திரி ஒரு குடும்பத்துக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று தரகு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கடைசி நேரத்தில் மனம் மாறுகிறவர்களைப் பற்றி எங்கள் தொழிலில் யாரும் நல்லபடியாகக் கதைப்பதில்லை. நாணயமில்லாத சனம் என்பார்கள், ஆளை அலைக்கழிக்கிறார்கள் என்பார்கள். நானும் ஏழெட்டு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்று கனநாளாக ஒரு எண்ணம்.

அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு. கணவன் மனைவி இரண்டு பேரும் அரசாங்க உத்தியோகம், ஓகஸ்ட் மாதம் வந்து பார்த்தார்கள். கடற்கரைக்கு நடந்து போக ஐந்து நிமிஷம்கூட எடுக்காது. ஓகஸ்டில் எங்கள் கடல் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அடிக்கும், கடல் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரிக் கிடக்கும், நிலாவெளியில் சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் இறங்கி விளையாடும். மூன்று தடவை வந்து பார்த்தார்கள், மூன்று தடவையும் பகலில். விலை பேசி, நொத்தாரிசிடம் ஒப்பந்தம் எழுதி, வங்கிக் கடன் வரும்வரை காத்திருந்து, எல்லாம் சரிவர நவம்பர் கடைசி ஆகிவிட்டது. புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் கையெழுத்தை முடித்துவிட வேண்டும் என்று பத்து மணிக்கே எல்லோரும் வந்து இருந்தோம். நொத்தாரிசு உறுதியை வாசித்துக்கொண்டிருக்கும்போது வாங்க வந்த அந்தப் பெண்பிள்ளை எழும்பி, "அக்கா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அரை மணித்தியாலமாகியும் ஆள் வரவில்லை.

போய்ப் பார்த்தால் வேப்பமரத்தடியில் நிற்கிறாள். என்ன பிள்ளை என்று கேட்டேன். கடன் தவணை கூடவாம், பள்ளிக்கூடம் தூரமாம், குசினி சின்னதாம். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவளும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், ஆனால் உள்ளே வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்திருக்கும். அன்றைக்கு அந்த உறுதி எழுதப்படவில்லை, கொடுத்த முற்பணத்தில் பாதியையும் அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

நாலைந்து மாதம் கழித்துப் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் கண்டபோது அவளாகவே வந்து சொன்னாள். கையெழுத்துக்கு இரண்டு நாளுக்கு முன்பு, பின்னேரம் மழை விட்ட நேரத்தில், வீட்டைக் காட்டுவதற்குத் தாயைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வாடைக் காற்று தொடங்கிவிட்டது. அறைக்குள் நின்று கதைக்கும்போதே கடல் இரைவது கேட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் அந்தத் தாய் தன்னுடைய தங்கையைக் கடலுக்குக் கொடுத்தவர். கேற்றடியிலேயே நின்றுவிட்டு, "நல்ல வீடு பிள்ளை, நீங்க இருங்கோ, நான் வரமாட்டன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இதை அவள் அந்த அலுவலகத்தில் அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? குசினி சின்னது என்று சொல்வது லேசு.

அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கத்து வீடு கேட்டு வருகிறவர்களிடம், வாடையில் ஒரு ராத்திரியாவது போய்ப் பாருங்கோ, அதற்கு முன்னால் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன். கூரை எங்கே ஒழுகும், ஒழுங்கையில் எவ்வளவு வெள்ளம் நிற்கும், கடல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதெல்லாம் மழைக்காலத்தில்தான் தெரியும். கிணறு உவர்க்கிறதா என்பது மட்டும் கச்சானில் தெரியும், அதற்காக ஓகஸ்டிலும் ஒரு தரம் போக வேண்டும். முடிந்தால் இரண்டு காலமும் பார்க்கச் சொல்வேன். விற்கிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

இன்னொன்று, முதல் நாளிலேயே ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் குடும்பத்தில் இன்னும் இந்த வீட்டைப் பார்க்காத ஆள் யார்? கடைசி நாளில் ஒருவர் சொல்லும் காரணத்துக்குப் பின்னால் அநேகமாக அப்படி ஓர் ஆள் இருப்பார். மாமி, வெளிநாட்டுத் தம்பி, வயசுபோன தகப்பன் என்று யாரோ ஒருவர். பேச்சுவார்த்தையில் ஒருநாளும் வராமல் இருந்தவர், கையெழுத்துக்கு முதல்நாள் ராத்திரி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

எங்கள் பக்கத்தில் வீடு வாங்குவது பாதிக்குப் பாதி மகளுக்காகத்தான். கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம், மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். அதனால் பணம் கட்டுகிறவர் ஓர் ஆள், இருக்கப் போகிறவர் வேறு ஆள், சரி பிழை சொல்கிறவர்கள் இன்னும் கலியாணமே முடியாத சம்பந்தி வீட்டார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் ஐயா 14 மாதம் என்னோடு மட்டும் வீடு பார்த்தார். பாலையூற்று, செல்வநாயகபுரம், உவர்மலை என்று எத்தனை வளவு ஏறி இறங்கினோம். வேறு தரகர்கள் அவருடைய வீட்டுக்கே போய்க் கூப்பிட்டபோதும், "நான் தங்கச்சியோட பாக்கிறன்" என்று திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்டவர், எல்லாம் முடிந்து நாளும் குறித்த பிறகு, காசு சரிவரேல்ல தங்கச்சி, விட்டிடுவம் என்றார். காசு வங்கியில் கிடந்தது எனக்குத் தெரியும். இவரும் இப்படியா என்று அன்று எனக்கு நெஞ்சு கனத்துப் போனது.

பிறகு அவருடைய மனைவி மூலம் விஷயம் வந்தது. ஒழுங்கை நேரே வந்து வாசலில் முட்டுகிற வீடு அது, தெருக்குத்து. மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார். அந்த ஐயாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மகளின் கலியாணத்தையும் என்னையும் ஒரே தராசில் வைக்க அவரால் முடியவில்லை, சம்பந்தி வீட்டாரை என் முன்னால் குறைத்துச் சொல்லவும் மனமில்லை, அதனால் பழியைத் தன்னுடைய காசில் போட்டுக்கொண்டார். அடுத்த வருஷங்களில் அவர் சொல்லி என்னிடம் வந்தவர்கள் ஐந்து குடும்பம். இரண்டாவது மகளுக்கு வீடு பார்க்கிறபோதும் என்னிடம்தான் வந்தார், வந்து முதல் வேலையாக, இந்தமுறை சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போவம் என்றார்.

எல்லாவற்றுக்கும் மனசுதான் காரணம் என்றும் இல்லை. சில தடவை கணக்குத்தான். 120 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குகிறார் என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஆக 4 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய், அதைக் கட்ட வேண்டியவர் வாங்குகிறவர். நொத்தாரிசின் கட்டணம் அதற்கு மேல். இதை உறுதி எழுதுவதற்கு மூன்று நாளுக்கு முன்பு கேள்விப்பட்டால் யாருக்கும் வயிறு கலங்கும். நான் இப்போது வீட்டைக் காட்ட முன்னமே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளி உயர்த்தியபோது என் கையில் இருந்த அலுவல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. அந்த மாதம் பின்வாங்கியவர்களில் ஒருவரைக்கூட நான் குறை சொல்லமாட்டேன்.

என் மனத்தை இன்னும் அரிக்கிற ஒன்று இருக்கிறது. அண்ணன் கனடாவில், தங்கை இங்கே வாடகை வீட்டில். அண்ணன் தன் பெயரில் வீடு வாங்கித் தங்கையை இருக்கவிடுவதாக ஏற்பாடு. எல்லாம் பேசி முடித்து, கையெழுத்துக் கிழமையில்தான் நொத்தாரிசு அவருடைய கடவுச்சீட்டைக் கேட்டார். கனடாக் குடியுரிமை எடுத்தவர், இரட்டைப் பிரஜாவுரிமை இல்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜைக்கு இப்படிக் காணி எழுத முடியாது, இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. அப்படியென்றால் தங்கையின் பெயரில் எழுதுவோம் என்று எல்லோரும் சொன்னோம். எங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு, அவருக்கு அது மத்தியானம், எனக்கு எடுத்து, "அக்கா, ரெண்டு நாள் பொறுங்கோ" என்றார். இரண்டு நாள் இரண்டு கிழமையானது. அவர் தயங்கியது தன் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் நினைத்து. தங்கைக்கு விளங்கியது, அண்ணன் என்னை நம்பவில்லை என்று. வீடு வேறு ஆளுக்குப் போனது, அவர்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் கதைக்காமல் இருந்தார்கள். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். நொத்தாரிசு அலுவலகத்தில் இருந்து வந்தவள் நான், சட்டம் தெரிந்தவள், கேட்கவில்லை. அந்தத் தயக்கத்தை அவர்மேல் போட்டு, நிலையில்லாத ஆள் என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

என்னைச் சுற்றிக்கொண்டு நேரே உரிமையாளரிடம் போனவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறு வாரவிடுமுறை நான் கூட்டிக்கொண்டு திரிந்த ஒரு குடும்பம், யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, என் தரகு நூற்றுக்கு இரண்டு மிச்சம் என்று உரிமையாளரோடு கதைத்து வாங்கிவிட்டது. அது மனம் மாறியது இல்லை. அதை நான் வேறாகத்தான் வைத்திருக்கிறேன், இன்னும் அந்த ஒழுங்கையால் போனால் அந்த வீட்டைப் பார்க்காமல்தான் போகிறேன். ஆனால் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சப் பேர். கொஞ்சப் பேர் செய்ததை வைத்து, வேப்பமரத்தடியில் நின்ற பிள்ளையையும் அவர்களோடு சேர்த்துக் கணக்குப் போட்டதுதான் நான் செய்த பிழை.

விசுவாசம் என்று இந்தத் தொழிலில் நாங்கள் சொல்வது, எங்களிடம் வந்தவர் எங்களிடமே வாங்க வேண்டும் என்பதைத்தான். அந்த ஐயா வாங்கவில்லை. ஆனால் அவரை விட விசுவாசமான ஆளை நான் கண்டதில்லை. அவர் விலகிய அன்று நான் நாலு வார்த்தை சூடாகச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து குடும்பமும் வந்திருக்காது என்பது ஒரு பக்கம், அதைவிட, அவர் வீட்டுக் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டார். முன்வரிசையில் இருக்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

இந்தக் கிழமை சாம்பல்தீவில் ஒரு வீடு போய்க்கொண்டிருக்கிறது. இளம் தம்பதி, பெண்ணுக்கு இது ஆறாம் மாதம். எல்லாம் பிடித்திருக்கிறது என்கிறார்கள், ஆனால் முற்பணக் கதை வந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பார்க்காத ஆள் யார் என்று கேட்டேன், பெண்ணின் அப்பா என்றார்கள், மூதூரில் இருக்கிறார். உரிமையாளரிடம் அனுமதி வாங்கிச் சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். அப்பாவைக் கூட்டிவந்து சனிக்கிழமை ராத்திரி பாய் போட்டுப் படுத்துப் பாருங்கோ, நான் வரமாட்டேன் என்றேன். உரிமையாளர் இரண்டு தடவை எடுத்துவிட்டார், வேறு ஆள் கேட்கிறதாம். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கோ அண்ணா என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது, நல்லதுதான், கூரையையும் பார்த்துக்கொள்ளட்டும்.