அந்தமானுக்கு மூட்டை கட்டிய கதை

முதல் ஒத்திகையில் என் கேமரா பை பத்தரை கிலோ காட்டியது. விமானத்தில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான் அனுமதி. பழைய பேப்பர்காரரிடம் ஏமாறாமல் இருக்க வாங்கி வைத்த கொக்கித் தராசில் பையைத் தொங்கவிட்டு, நானும் என் கணவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். "நீ போகப் போறது அஞ்சு நாள் வகுப்புக்கு. இதைப் பார்த்தா ஸ்டூடியோவையே காலி பண்ணிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார் அவர்.

தெற்கு அந்தமானில் ஐந்து நாள் இயற்கை ஒளிப்படப் பயிற்சி முகாம். காலையில் காட்டுப் பறவைகள், மதியத்துக்கு மேல் கடல் உள்வாங்கும்போது பாறைக் குட்டைகளில் மேக்ரோ, அதாவது சின்ன உயிர்களை மிக அருகில் எடுப்பது. தேதி மட்டும் எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை. தை அமாவாசையை ஒட்டி வைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் தர்ப்பணம், வீட்டில் படையல் என்று இருக்கும் நாளில் நான் ஊரில் இல்லை என்றால் மாமியாருக்கு எப்படி இருக்கும்! பயிற்சியாளரிடம் போனில் கேட்டேன். "அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தாங்க கடல் நல்லா உள்ளே போகும், அதுக்காகவே பார்த்து வச்ச தேதி" என்றார். அங்கே அந்த நாட்களில் கடல் ஏறும் மட்டத்துக்கும் வற்றும் மட்டத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். இதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன். "அப்போ அமாவாசைக்குத்தான் போற" என்று ஒரு மாதிரி சமாதானமானார்.

எடைக்கு வருகிறேன். தூரத்துப் பறவைகளுக்கான 200-500 மி.மீ. லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ. பை காலியாகவே இரண்டு கிலோ. லேப்டாப், சார்ஜரோடு சேர்த்து இன்னொரு இரண்டு. மீதி இருக்கும் எழுநூறு கிராமில் பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), மேக்ரோ லென்ஸ், அகலக் காட்சிக்கான வைடு லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் அடங்க வேண்டும். முதலில் லேப்டாப்பை எடுத்துவிட்டேன். நான்கு மெமரி கார்டு கொண்டுபோய், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். அடுத்து இரண்டாவது பாடி. கனமான பையைத் தள்ளிவிட்டு, பையனின் பழைய ஸ்கூல் பையில் துண்டு சுற்றி அடுக்கினேன். அப்படியும் அரைக் கிலோ இடித்தது. பெண்களுக்குத் தைக்கும் எந்த உடையிலாவது உருப்படியாக ஒரு பாக்கெட் இருக்கிறதா? தெருமுனை டெய்லரிடம் ஒரு காட்டன் சட்டையைக் கொடுத்து, முன்பக்கம் நாலு பாக்கெட் ஆழமாக வைக்கச் சொன்னேன். மேக்ரோ லென்ஸ் ஒன்றில், பேட்டரிகள் ஒன்றில், பவர் பேங்க் இன்னொன்றில். உதிரி லித்தியம் பேட்டரியையும் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, கையோடுதான் போக வேண்டும். அதனால் இந்தச் சட்டை எடைக்கும் ஆச்சு, விதிக்கும் ஆச்சு.

அதே டெய்லரிடம் பையனின் கிழிந்த ஜீன்ஸ் காலை வெட்டிக் கொடுத்து, இரண்டு பக்கமும் மூடி ஒரு ஜிப் வைத்துத் தரச் சொன்னேன். பீன் பேக். படகு விளிம்பிலோ ஜீப் ஜன்னலிலோ வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்க்கலாம். காலியாக மடித்தால் கைக்குட்டை அளவுதான், போன இடத்தில் அரிசி மாதிரி எதையாவது நிரப்பிக்கொள்ளலாம். இதற்கு அவர் வாங்கியது அறுபது ரூபாய். மொத்தப் பயணத்துக்கும் நான் செய்த நல்ல செலவு இதுதான், ஆனால் அது அப்போது தெரியாது.

ஒரு மாதம் முன்பிருந்தே பழக ஆரம்பித்தேன். ஞாயிறுகளில் கரைவெட்டி ஏரி. ஜனவரியில் அங்கே பட்டைத்தலை வாத்துகள் வரும். அவை பறக்கும்போது ட்ரைபாட் இல்லாமல் கையில் பிடித்து எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும் போல இருக்கும். இரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் பட்டன்களைத் தடவியே மாற்றிப் பழகினேன். திருச்சியைவிட அந்தமானில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாடியே விடிகிறது, கடிகாரம் மட்டும் ஒன்றேதான். ஐந்தரைக்குக் காட்டில் நிற்க வேண்டுமென்றால் நான்கு மணிக்கு எழ வேண்டும். சாயந்திரம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

சிலிக்கா ஜெல்லை ஒரு பழைய வாணலியில் வறுத்து, இளஞ்சிவப்பு போய் நீலம் திரும்பியதும் துணிப் பொட்டலமாகக் கட்டினேன். ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிட்டால் பிறகு அழுதும் பயனில்லை. பெரிய ஜிப் கவர் பத்து, பழைய வேட்டித் துணி, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி இரண்டு (தூறலுக்கு கேமராவின் தலையில் போட), தேங்காய் எண்ணெய், வாந்தி மாத்திரை, சிவப்பு வெளிச்சம் வரும் ஹெட்லைட். முகாமுக்கு வந்தவர்களில் ட்ரோன் வைத்திருந்த ஒரு தம்பி, அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிட முடியாது என்று தெரிந்து அதை வீட்டிலேயே விட்டு வந்தார்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து விமான நிலையம். பை 6.8 கிலோ! பாதுகாப்புச் சோதனையில்தான் கூத்து. பாடி தனியாக, லென்ஸ் தனியாக, பேட்டரி தனியாக என்று நான்கு ட்ரே ஆனது. மேலே போட்டிருந்த அந்தப் பாக்கெட் சட்டையையும் கழற்றச் சொல்லி ஐந்தாவது ட்ரே. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சென்னையிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சம். போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம். அறைக்குப் போய் ட்ரைபாடை விரித்தேன். தலையில் கேமராவைப் பூட்டும் பிளேட் இல்லை. பெட்டி முழுக்கக் கொட்டித் தேடினேன். இல்லை. அந்தச் சின்னத் தகடு இல்லாவிட்டால் ட்ரைபாட் வெறும் மூன்று கால் கம்பி. செக்-இன்னில் ஒன்றரைக் கிலோ எடையைச் சுமந்து வந்தது வீண்.

கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. ஊரில் தமிழர்கள் நிறைய, கடைக்காரரும் தமிழ்தான். "இருக்கறதுலயே மலிவான அரிசி ரெண்டு கிலோ குடுங்க" என்றேன். "ரூம்ல சமைக்கப் போறீங்களாக்கா?" என்றார். ஜீன்ஸ் பையைப் பிரித்து, அங்கேயே நேராக அதற்குள் கொட்டச் சொன்னேன். அவர் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொட்டினார்.

முதல் நாள் காலை சிடியா தாப்பு காடு. இன்னொரு தப்பு அங்கே காத்திருந்தது. இரவு முழுக்க ஏசி அறையில் கேமரா வெளியே கிடந்தது, ஜிப் கவர் பத்தும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. வண்டியை விட்டு இறங்கிக் கண்ணை வைத்தால் வெறும் வெள்ளை. குளிர்ந்த கண்ணாடியில் காட்டின் ஈரம் அப்படியே படிந்துவிட்டது. துடைத்தேன், மறுபடி படிந்தது. சரியாக எங்கள் தலைக்கு மேலே அந்தமான் மரங்கொத்தி, உடம்பெல்லாம் கரி, உச்சியில் சிவப்பு, பட்ட மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களின் ஷட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். கண்ணாடி தெளிய அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அது போய்விட்டது. அன்றிரவிலிருந்து கேமராவை ஜிப் கவருக்குள் போட்டு இறுக்கி, காலையில் வெளிக்காற்றுக்குச் சூடேறிய பிறகே பிரித்தேன்.

சிப்பிகாட்டில்தான் அரிசி மூட்டை கைகொடுத்தது. 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்து, விளைநிலமாக இருந்த இடத்தில் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. செத்துப்போன மரங்கள் இன்னும் நீரில் நிற்கின்றன. ஒரு மொட்டைக் கட்டையில் ஐந்தாறு அந்தமான் கிளுவைகள் வரிசையாக, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு தூங்கிக்கொண்டிருந்தன. சாலையோரத் தடுப்புச் சுவரில் மூட்டையை வைத்து, நடுவில் கையால் குழித்து, லென்ஸைப் பொருத்தினேன். ஆடவே இல்லை. பக்கத்தில் பெரிய ட்ரைபாட் வைத்திருந்தவர், "அதைக் கொஞ்சம் குடுங்க மேடம்" என்று இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

பாறைக் குட்டைகளுக்கு ரப்பர் செருப்பு உதவாது, பாசியில் வழுக்குகிறது. பின்பட்டை வைத்த, பிடிப்புள்ள பழைய சாண்டல் வேண்டும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் இல்லாவிட்டால் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது, வானம்தான் தெரியும். ட்ரைபாட் வைத்திருந்தவர்களுக்குப் பயிற்சியாளர் ஒன்று சொன்னார்: உப்புத் தண்ணீரில் வைக்கும்போது அடியில் இருக்கும் மெல்லிய காலை முதலில் நீட்டுங்கள், பூட்டு மேலே வந்துவிடும், உள்ளே மணலும் உப்பும் ஏறாது. மணல் ஈக்கு தேங்காய் எண்ணெய் ஓரளவுதான். என் கணுக்காலைப் பார்த்தவர்கள் அம்மையா என்று கேட்டார்கள்.

கடைசி நாள் பயிற்சியாளர் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். சங்கோ பவளத் துண்டோ இருந்தால் விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். ட்ரோனை விட்டு வந்த தம்பியின் கால்சட்டைப் பையிலிருந்து கைப்பிடி வெள்ளைத் துண்டுகள் வந்தன. "மணல்னு நினைச்சேன் சார்" என்றார். எல்லாம் கரைக்குத் திரும்பிப் போயின. நான் அரிசியை விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, கோழிக்குப் போடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள், பிளேட் கிடைத்தது. ஷோகேஸில் நிற்கும் எங்கள் பழைய கேமராவின் அடியில், தீபாவளிக்குக் குடும்பப் படம் எடுக்கப் பூட்டியபடியே இருந்தது.