12 ஜிபி 3060-ஐத் தேடி லாமிங்டன் ரோட்டில்

அக்கா மகனுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவந்த கம்ப்யூட்டருக்கு ஒருவழியாகக் கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படத்தை உருவாக்கி அனுப்பும் தனிக் கார்டு) வந்துவிட்டது, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060. ரைசன் 5 5600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் எல்லாம் முன்பே வாங்கியாயிற்று. இந்த 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி என்றால்தான் உண்டு. மதர்போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று அதில் கேபிளைச் சொருகினால் திரையில் ஒன்றும் வராது. ஆகவே கார்டு வரும்வரை மற்ற சாமான்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கக்கூட வழியில்லை. கார்டுக்கு ஒதுக்கியது 20,000 ரூபாய். இழுத்துப் பிடித்தால் இன்னும் இரண்டாயிரம்.

பையன் அனிமேஷன் படிக்கிறான், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில்தான் பாதி நாள் ஓடுகிறது. மீதி நேரத்தில் கேம். மானிட்டர் பழைய 1080பி. வெறும் கேம் என்றால் ஏஎம்டியின் புது ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்றை வாங்கிவிட்டு அன்றே மும்பை சயான் கோலிவாடாவில் உள்ள வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். 8 ஜிபி மெமரி, 132 வாட்ஸ்தான் மின்சாரம், 1080பி-க்குத் தாராளம். பி450 போர்டில் கார்டைச் சொருகும் பிசிஐ ஸ்லாட் பழைய 3.0 ரகம் என்பதால் கொஞ்சம் வேகம் குறையும், கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை. ஆனால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டருக்கு, அதாவது செய்த சீனை முழுப் படமாக்கும் வேலைக்கு, என்விடியா கார்டில் உள்ள ஆப்டிக்ஸ் வசதி நன்றாகவே கைகொடுக்கிறது. ஏஎம்டி கார்டிலும் ஓடும், அந்த வேகம் வராது. அதோடு, சீன் முழுக்கக் கார்டின் மெமரிக்குள் அடங்கினால்தான் நிம்மதி. இவன் செய்கிற சீன்களில் மரத்துக்கு மரம் 4கே டெக்ஸ்சர், அதாவது மேலே போர்த்துகிற பெரிய படம். 8 ஜிபி போதாது என்று எனக்கே தெரிந்தது.

சரி, ஆர்டிஎக்ஸ் 3060. அங்கேதான் பெயர் விவகாரம். 2021 பிப்ரவரியில் வந்த 3060-க்கு 12 ஜிபி மெமரி, 192 பிட் பஸ் (மெமரிக்குப் போய்வரும் பாதையின் அகலம்). அடுத்த ஆண்டு அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றையும் விட்டார்கள். கோர், அதாவது கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகளின் எண்ணிக்கை இரண்டிலும் 3584, ஆனால் பஸ் 128 பிட். நொடிக்கு 360 ஜிபி போய்வந்த பாதை 240 ஆகச் சுருங்கிவிட்டது. அட்டைப்பெட்டியில் 3060 என்பது பெரிதாக இருக்கும், 8 ஜிபி என்பது ஓரத்தில் இருக்கும். என்விடியாவின் அதைவிடச் சின்ன கார்டான 3050-இலும் இதே கதைதான்: 2022-இல் வந்தது 8 ஜிபி, 2560 கோர். 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட். அதற்கும் ஓர் இடம் உண்டு என்பேன். 70 வாட்ஸ்தான் இழுக்கிறது, தனி வயர் வேண்டாம், ஆபீஸில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரில் போட ஏற்றது. ஆனால் 3050 என்று கேட்கிறவருக்கு எந்த 3050 என்று கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைத்தால் அது 2048எஸ்பி ரகமா என்று கேளுங்கள். அதில் கோர் குறைவு, அசல் 580-இல் 2304 கோர்.

புது 12 ஜிபி 3060 என் கைக்கு எட்டவில்லை. அதனால் செகண்ட் ஹேண்ட். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் லாமிங்டன் ரோடு, மும்பையின் கம்ப்யூட்டர் சாமான் கடைத்தெரு. தெருப் பெயர்ப்பலகையில் பட்கம்கர் மார்க் என்று இருக்கும், யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை இரவும் பகலும் ஓடவிடும் மைனிங் நின்றபோது அதில் ஓடிய கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. 3060-ம் மைனிங்கில் படாதபாடு பட்ட கார்டுதான். மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் காற்றில், எந்தச் சூட்டில் ஓடியது என்பதுதான் கேள்வி, அதற்குக் கார்டிலேயே தடயம் இருக்கும்.

அங்கே ஒரு மாடிப்படிக்கட்டுக்குக் கீழே சர்வீஸ் செய்கிற திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். கார்டை அவரிடம் காட்டிவிட்டுத்தான் பணம் கொடுப்பது என்று முடிவு. முதலில் காட்டிய கார்டைக் கையில் வாங்கிய வேகத்திலேயே திருப்பித் தந்தார்.

"ஃபேனை அப்புறம் பாரு தம்பி. மொதல்ல ஸ்க்ரூவப் பாரு."

பின்பக்கம், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களில் இரண்டின் தலை மழுங்கியிருந்தது. யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிராக்கெட்டில் செம்பழுப்பாகத் துரு, கடல் காற்று பட்ட கார்டு. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மெமரி சிப் பக்கம் எண்ணெய் மினுமினுத்தது. சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேட் வெகுநாள் சூட்டில் கிடந்தால் இப்படித்தான் கசியும் என்றார். கசிவு மட்டும் என்றால் பேட் மாற்றிக்கொள்ளலாம், துருவும் சேர்ந்தால் தொடாதே என்பது அவர் கணக்கு.

வேறொரு கடையில் கிடைத்த கார்டு சுத்தமாக இருந்தது. ஃபேனை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் சுற்றி மெல்ல நின்றது. ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரும் பழைய பில்லில் உள்ளதும் ஒன்றே. கடைக்காரரின் மேஜைக் கம்ப்யூட்டரில் மாட்டி கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தோம்: 3584, 192 பிட், 12288 எம்பி. பல போலிக் கார்டுகளை 2018-லிருந்து அந்த மென்பொருளே பெயருக்கு முன்னால் ஃபேக் என்று காட்டிவிடும். பஸ் இன்டர்ஃபேஸில் பிசிஐ 1.1 என்று தெரிந்ததும் பையன் பதறி, "மாமா, இது பழசு!" என்று காதைக் கடித்தான். சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அப்படி இறங்கும், பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திக் கொஞ்சம் வேலை கொடுத்தால் ஏறிவிடும். ஏறியது. கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கிச் சோதிக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓடவிட்டோம். கோடு, புள்ளி எதுவும் திரையில் விழவில்லை. டெஸ்டிங் வாரண்டி ஒரு மாதம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

புது கார்டு வாங்காமல் மிச்சமான பணம் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போனது. வீட்டிலிருந்தது பழைய 450 வாட்ஸ், கிராபிக்ஸ் கார்டுக்கென்று ஒரே ஒரு 6 பின் வயர். மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட்ஸ் தரும், 6 பின் 75 தரும், 3060 கேட்பது 170. அதனால்தான் அதில் 8 பின் சாக்கெட், அது 150 வாட்ஸ் வரை தரும். பழைய டிஸ்க்குகளுக்கான மோலெக்ஸ் வயரிலிருந்து 8 பின்னாக மாற்றுகிற கன்வர்ட்டரைச் சில நூறு ரூபாய்க்கு நீட்டினார்கள். அந்த மெல்லிய வயரில் அத்தனை கரண்ட் போனால் முதலில் உருகுவது பிளாஸ்டிக் கனெக்டர்தான். என்விடியா சொல்கிற 550 வாட்ஸ் அளவிலேயே மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள ஒன்றைப் புதிதாக வாங்கினேன். எஸ்எம்பிஎஸ் மட்டும் செகண்ட் ஹேண்டில் வேண்டவே வேண்டாம்.

மாட்டியதும் முதல் தடவையே படம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஏசி இல்லை, ரெண்டர் ஓடினால் ஃபேன் சத்தத்தில் அக்கா டிவி சவுண்டைக் கூட்டுவாள். அதனால், கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் வோல்டேஜ் கோட்டைத் தட்டையாக்கி 1800 மெகாஹெர்ட்ஸை 0.85 வோல்ட்டில் நிறுத்தினேன். 170 வாட்ஸ் பக்கம் நின்றது 130-ஐ ஒட்டி இறங்கியது, ரெண்டர் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாக் கார்டும் இந்த அளவுக்குத் தாங்காது. பிளெண்டர் பாதியில் நின்றால் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

காட்டு சீன் இப்போது கார்டில் அடங்குகிறது, ஆனால் கார்டுக்குப் போகுமுன் ரேமில்தான் ஏறுகிறது. அங்கே 16 ஜிபி திணறுகிறது. போர்டில் இரண்டு ஸ்லாட் காலி. ரேம் விலை கொஞ்சம் இறங்கட்டும் என்கிறேன் நான். பையன் கேட்கிற மாதிரி இல்லை.