கடமானுக்கு எந்தத் தோட்டா?

தேசிய சேவையில் சார் 21 ரைஃபிள் பிடித்துச் சுட்டவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும்: முந்நூறு மீட்டரில் அட்டை மனிதனைச் சாய்த்தாயிற்று, மான் எம்மாத்திரம்? வழிகாட்டியோடு நியூசிலாந்துக்கோ நமீபியாவுக்கோ வேட்டைக்குக் கிளம்பும் சிங்கப்பூர்க்காரர்கள் முதலில் கழற்றி வைக்க வேண்டியது அந்தத் தைரியத்தைத்தான். 5.56 மி.மீ. குண்டின் எடை நான்கு கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 1,700 ஜூல். அதிலும் ராணுவக் குண்டு முழு உலோகக் கவசம் போட்டது, வேட்டைக் குண்டு போல விரியாது. 150 கிலோ செம்மான் அதை வாங்கிக்கொண்டு புதருக்குள் ஓடி மறையும், எங்கோ கிடந்து மெல்லச் சாகும்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்பது கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு நான்கும் சேர்ந்தது. குண்டு என்பது பறந்து போகும் பகுதி மட்டும். .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான், 0.308 அங்குலம். கூடும் மருந்தின் அளவும்தான் வேறு. விட்டம் ஒன்று என்பதற்காக ஒன்றின் தோட்டாவை மற்றொன்றில் போட்டால் கூடு வெடித்துக் கையும் கண்ணும் போகும். கூட்டின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தையும் குழலில் பொறித்திருக்கும் எழுத்தையும் ஒப்பிட்ட பிறகே தோட்டாவை உள்ளே தள்ளுங்கள்.

பலரும் கேட்கும் கேள்வி ‘எந்த காலிபர்?’, அதாவது எத்தனை விட்டம், என்பது. அதைவிட முக்கியம் ‘எந்தக் குண்டு?’. 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் கனடாவில் மூஸ் என்ற பெரிய மானைச் சுட்டபோது அவர் கையில் இருந்தது .300 எச் அண்ட் எச் மேக்னம், அந்தக் காலத்தில் பெரிய தோட்டா. ஆனால் குண்டுகள் உள்ளே ஆழமாகப் போகாமல் சிதறின. ஊர் திரும்பியவர் பெரிய துப்பாக்கி தேடவில்லை, குண்டை மாற்றினார். நடுவில் செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும்படி செய்தார். பார்ட்டிஷன் குண்டு பிறந்த கதை இது. 1948-இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது.

சாதாரண ஈயக் குண்டு மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் ஊற்றியது. விலை குறைவு, மிதமான வேகத்தில் நன்றாகவே வேலை செய்யும். அதையே மேக்னம் எனப்படும், மருந்து கூடிய வேகத் தோட்டாவில் ஏற்றி ஐம்பது மீட்டரில் தோள் எலும்பில் அடித்தால் மேலோட்டமாகச் சிதறி, தட்டு அகலத்துக்குச் சதையைக் கிழித்துவிட்டு நின்றுபோகும். நுரையீரல் அப்படியே இருக்கும், மான் ஓடிவிடும். ஈயத்தை உறையோடு பற்றவைத்த பாண்டட் குண்டில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. முழுச் செம்புக் குண்டு இன்னும் ஆழமாகப் போகும், ஆனால் அதற்கு வேகம் வேண்டும். தொலைவில் நொடிக்கு 550 முதல் 600 மீட்டருக்குக் கீழே வேகம் இறங்கினால் பலவும் சரியாக விரியாது, ஊசி போல் துளைத்துவிட்டுப் போய்விடும். செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். ஆகவே .30-06-இல் ஈயத்துக்கு 180 கிரெயின் எடுப்பவர் செம்புக்கு 165 அல்லது 150 எடுப்பது வழக்கம். (கிரெயின் நமக்குப் பழகாத அளவு. 15.4 கிரெயின் ஒரு கிராம்.)

ஒரே விட்டத்தில் எடை கூடக் கூடக் குண்டு ஆழமாக ஊடுருவும். இதை அளக்கும் எண் குறுக்கு அடர்த்தி: குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 0.308-இல் 150 கிரெயினுக்கு 0.226, 180 கிரெயினுக்கு 0.271. மெலிந்த 6.5 மி.மீ. குண்டு 140 கிரெயினிலேயே 0.287 வந்துவிடும். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் சிறிய தோட்டாவாக இருந்தும் பெரிய மான்களை வீழ்த்துவதற்கு ஒரு காரணம் இதுதான்.

ஆனால் சட்டம் குறுக்கு அடர்த்தியைக் கேட்பதில்லை. நம் ஊர்க் கடமான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காட்டு விலங்காகத் திரிகிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்டது. அங்கே 2012 விதிகளின்படி கடமானுக்குக் குறைந்தது .270 காலிபரும் 130 கிரெயின் குண்டும் வேண்டியிருந்தது, புள்ளிமானுக்கு .243 காலிபரும் 80 கிரெயினும் போதுமாக இருந்தது. அந்தக் கணக்கில் 0.264 அங்குல கிரீட்மோர் கடமானுக்கு ஆகவில்லை. விதிகள் அவ்வப்போது மாறும், புறப்படும் முன் வழிகாட்டியிடம் நடப்பு விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நமீபியா ஆற்றலைக் கணக்கில் எடுக்கிறது: சிறிய மறிமானான ஸ்பிரிங்பாக்குக்கு 1,350 ஜூல், பெரிய மறிமான்களான குடு, ஓரிக்ஸ், ஈலண்டுக்கு 2,700, காட்டெருமைக்கு 5,400. .308-இல் 150 கிரெயின் குண்டு நொடிக்கு 860 மீட்டரில் கிளம்பினால் சுமார் 3,590 ஜூல். .30-06-இல் 180 கிரெயின் 3,950 வரை வரும். .300 வின்செஸ்டர் மேக்னத்தின் 4,750-கூடக் காட்டெருமைக்குப் பற்றாது. அதற்கு 1912 முதல் இருந்துவரும் .375 எச் அண்ட் எச் வேண்டும்: 300 கிரெயின் குண்டு, நொடிக்கு 770 மீட்டர், ஏறத்தாழ 5,760 ஜூல்.

இங்கே யாராவது, அந்தக் கால யானை வேட்டைக்காரர் பெல்லைச் சொல்லி, ‘பெல் யானைகளையே 7 மி.மீ.யில் வீழ்த்தினாரே’ என்பார்கள். உண்மைதான். அவர் சுட்டது விரியாத குண்டு, அடித்த இடம் மூளை. யானை மண்டையின் உள்ளமைப்பு அவருக்கு மனப்பாடம். விடுமுறையில் போகிறவர் அவரை உதாரணம் காட்டக் கூடாது.

இனி உதைப்பு. சுமார் நான்கு கிலோ ரைஃபிளில் .308 தோளில் 24 ஜூல் அளவுக்கு உதைக்கும், .30-06 இன்னும் கொஞ்சம் கூட. .300 மேக்னம் 36-ஐ ஒட்டி, .375 ஐம்பதை நெருங்கும். சார் 21 ஐந்தாறு ஜூல்தான். மேக்னத்தில் நாலைந்து சுட்டதுமே உடம்பு பயந்துவிடும்: விசையைத் தொடும் நொடியில் கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குண்டு வயிற்றில் போய் விழும். சிங்கப்பூரில் பெரும்பாலோர்க்குப் பயிற்சிக்குக் கிடைப்பது சங்கத்துக் காற்றுத் துப்பாக்கியும் .22-உம்தான். பெரிய ரைஃபிளில் மாதக்கணக்கில் பழக வழியில்லாதவர்கள் மேக்னம் பக்கமே போக வேண்டாம் என்பது என் தீர்ப்பு. செம்மான், கடமான், குடு, ஓரிக்ஸ் எல்லாவற்றுக்கும் .308 அல்லது .30-06-இல் 165 முதல் 180 கிரெயின் பாண்டட் குண்டு போதும். நியூசிலாந்து மலைகளில் தார் வேட்டைக்கு, அதாவது நம் நீலகிரி வரையாட்டின் இமயமலை உறவுக்கு, பள்ளத்தாக்கின் மறுகரையில் 250, 300 மீட்டரில் சுட நேரும். அங்கே .270-உம் கிரீட்மோரும் வசதி.

ரைஃபிள் பெரும்பாலும் வழிகாட்டியுடையதாக இருக்கும். அப்படியென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: எந்தத் தோட்டா, எந்த நிறுவனத்தின் குண்டு, எத்தனை கிரெயின், எத்தனை மீட்டருக்கு ஸ்கோப் சரிசெய்திருக்கிறது. பெட்டி மாறினாலே அடி விழும் இடம் மாறும். போய் இறங்கியதும் அதே பெட்டித் தோட்டாவில் நூறு மீட்டரில் மூன்று சுடுங்கள். மூன்றும் ஐந்து சென்டிமீட்டருக்குள் விழ வேண்டும். 180 கிரெயின் .30-06-ஐ 200 மீட்டருக்குச் சரிசெய்தால் நூறில் ஆறு சென்டிமீட்டர் மேலே, முந்நூறில் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் கீழே விழும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். ஆப்பிரிக்காவில் முக்காலிக் கம்பில் ரைஃபிளைச் சாய்த்து நின்றபடி சுடச் சொல்வார்கள். அதை வீட்டில் துடைப்பக் கட்டையை வைத்தே பழகலாம். இன்னொன்று: அங்குள்ள விலங்குகளுக்கு இதயம் நாம் நினைப்பதைவிட முன்னாலும் தாழ்ந்தும் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்கு நேரே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள்.

காட்டெருமைக்கு முதல் குண்டு விரியும் வகை, பின்னால் வருபவை விரியாத சாலிட் என்பது பழைய முறை. மந்தையில் நிற்கும்போது சாலிடை முதலில் சுட்டால் அது ஊடுருவிப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும்.

திரும்பும்போது வெற்றுக் கூட்டை நினைவாக எடுத்து வராதீர்கள், தோட்டா கோத்த சாவிக்கொத்தும் வேண்டாம். சிங்கப்பூரில் உரிமமின்றி ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம், மறந்துவிட்டேன் என்பது சாங்கியில் எடுபடாது. வேட்டைக்குப் போட்ட சட்டை, கால்சட்டை, பை அத்தனையையும் திருப்பி உதறிவிட்டு விமானம் ஏறுங்கள்.