மணலுக்குள் போன நண்டைத் தோண்டாதீர்கள்

பாம்பன், மண்டபம் பகுதிகளில் கரைவாழ் துறவி நண்டு (காலிச் சங்கைச் சுமந்து நிலத்தில் வாழும் நண்டு) வளர்ப்பவர்கள், வாரக்கணக்கில் மணலுக்குள்ளேயே கிடக்கும் நண்டு செத்துவிட்டதோ என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம், தயவுசெய்து தோண்டாதீர்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். அது மணலுக்குள் ஓடு கழற்றிக்கொண்டிருக்கக்கூடும். உடல் வளர, அதைப் போர்த்திய ஓடு (சுமக்கும் சங்கு அல்ல) வளராததால், பழைய ஓட்டுக்கு அடியில் மெல்லிய புது ஓட்டை உருவாக்கிக்கொண்டு, உடலில் நீரைத் தேக்கிப் பழையதைப் பிளந்து வெளிவரும் நண்டு, அந்தப் புது ஓடு இறுகும்வரை விரல் பட்டாலே காயப்படும் நிலையில் இருக்கிறது. கண்காம்பு, உணர்கொம்பு, கால்நுனி வரை பிசகாமல் அப்படியே கிடக்கும் அந்தப் பழைய ஓட்டைப் பிணம் என்று எண்ணிப் பலர் எறிந்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்துக்காக நண்டு அதைத் தின்னும் என்பதால் எடுக்கவே கூடாது.

தொட்டியில் ஓடு கழற்றுவது தடைபட முக்கியக் காரணம் வறட்சியே. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் மூடியில்லாத தொட்டி விரைவில் உலர்ந்துவிடுகிறது. செவுள்களால் மூச்சுவிடும் இந்த உயிருக்குக் காற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரப்பதம் தேவை. மணல், பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்துடன், நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் இருக்கட்டும். நம் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவிப் போட்டாலே சுண்ணாம்புச் சத்துக்குப் போதும். பாதி கழன்ற ஓட்டை இழுத்துவிடாதீர்கள், காலோடு வந்துவிடும். ஓடு கழற்றும் நண்டை மற்ற நண்டுகள் தோண்டித் தின்னக்கூடும் என்பதால் அந்த மற்ற நண்டுகளைத் தனியே பிரித்து வையுங்கள். அழுகிய மீன் நாற்றம் அடித்தால் மட்டுமே மணலைக் கிளறிப் பார்க்கலாம்.