நாலு வருஷ பி.எஸ்சி. நர்சிங்கை ஜெர்மனி எப்படி அளந்தது

ஊரில் நர்சிங் படிக்கும் பெண்கள் போனில் பேசும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நம்ம டிகிரிக்கு வெளிநாட்டுல மதிப்பு இருக்கா?" ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. நான் இப்போது ஜெர்மனியின் நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில், ஒரு மருத்துவமனையின் உள்மருத்துவ வார்டில், முழு அங்கீகாரம் பெற்ற செவிலியராக வேலை பார்க்கிறேன். இந்த இடத்துக்கு வர என் பட்டம் என்னென்ன பாடு பட்டது என்பதைச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்கும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். எல்லாப் படிப்பையும் ஜெர்மனி ஒரே மாதிரி நடத்துவதில்லை. என் சித்தி மகன் அண்ணா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். அனாபின் என்று அரசு நடத்தும் தரவுத்தளத்தில் அவனுடைய பல்கலைக்கழகத்துக்கு 'எச் பிளஸ்' தகுதி, அதாவது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் என்ற குறி, இருப்பதைக் காட்டினான், பட்டம் ஒப்பானது என்பதைக் காட்டினான், விசா வாங்கி மூனிச்சுக்குப் போய்விட்டான். அவன் பாடத்திட்டத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சாஃப்ட்வேர் வேலைக்கு அங்கே அரசு உரிமம் தேவையில்லை, கம்பெனிக்குப் பிடித்தால் போதும். செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர் போன்ற வேலைகள் அப்படி இல்லை. மாநில அரசின் அலுவலகம் படிப்பை ஜெர்மன் படிப்போடு வைத்துப் பார்த்து, இரண்டும் சமம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பெயரிலேயே வேலை செய்ய முடியும். 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டத்தால், எந்த நாட்டில் படித்தவரும் தன் படிப்பை இப்படி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

என் வார்டிலேயே ருமேனியாவில் படித்த ஒரு சக செவிலியர் இருக்கிறார். அவருக்கு இந்த ஒப்பீடு எதுவும் நடக்கவில்லை. செவிலியர் படிப்பு என்றால் குறைந்தது 3 வருஷம், 4,600 மணி நேரம் என்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தங்களுக்குள் 2005-ஆம் ஆண்டு விதியில் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் அவர் சான்றிதழுக்குத் தானாகவே அங்கீகாரம். ருமேனியா ஒன்றும் பணக்கார நாடு இல்லை. 'வளரும் நாட்டுப் படிப்பு என்பதால்தான் மட்டமாகப் பார்க்கிறார்கள்' என்று நம் ஆட்கள் சொல்லும்போது நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். அவர்களுக்கு நடுவில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, நமக்கு இல்லை. அதனால் நம் படிப்பை ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்தத் தாள்களைச் சேர்ப்பதுதான் முதல் மலை. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், நர்சிங் கவுன்சில் பதிவும், நம் மேல் புகார் எதுவும் இல்லை என்று அவர்கள் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழும், பாடவாரியாக மணி நேரக் கணக்கு, வேலை அனுபவச் சான்று. எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில் ஆக்கித் தர வேண்டும். இதற்கு நடுவில் நம்ம ஊர் இனிஷியல் பிரச்சினை வேறு. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, கல்லூரியில் அதே எழுத்து பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயராக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் உறுதிப் பத்திரம் எழுதி, அதையும் மொழிபெயர்த்து வைத்தேன். அது இல்லாமல் போயிருந்தால் கோப்பு நகர்ந்திருக்காது.

நான் படித்த கல்லூரியில் மணி நேரக் கணக்கு கேட்டபோது, "சிலபஸ் புக்ல இருக்குமே, அதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பும்மா" என்றார்கள். அது போதாது. இத்தனை மணி வகுப்பு, இத்தனை மணி எந்த வார்டில் பயிற்சி என்று நம் பெயர் போட்டு, முதல்வர் கையெழுத்தும் முத்திரையுமாக வேண்டும். அங்கே பழகிய ஒரு மேடம் உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்தார். அவருக்கு என் வாழ்நாள் நன்றி.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. டெஃபிசிட்பெஷைட் என்பார்கள். சமம் இல்லை, இன்னின்ன பகுதிகளில் குறைபாடு இருக்கிறது என்று பட்டியல் போட்ட கடிதம். முதியோர் பராமரிப்பு, வீட்டுக்குப் போய் செய்யும் பராமரிப்பு, மறுவாழ்வு, வலி தணிப்பு. படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெர்மனியில் பெரும்பாலான செவிலியர்கள் பல்கலைக்கழகத்துக்கே போனதில்லை. பள்ளியிலும் மருத்துவமனையிலுமாக 3 வருஷத் தொழிற்பயிற்சி முடித்தவர்கள். நான் நாலு வருஷம் பட்டப் படிப்பு படித்தவள். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்த என் தோழிக்கும் ஏறக்குறைய இதே கடிதம் வந்தது. பட்டமா டிப்ளமோவா என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

கோபம் ஆறிய பிறகு அந்தப் பட்டியலை என் மணி நேரக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. நாம் படித்து முடித்ததும் செவிலியர், மகப்பேறு தாதி என இரண்டாகவும் பதிவாகிறோம். பிரசவ வார்டில் ராத்திரி பகலாகச் செய்த பயிற்சிக்குக் கணக்கில் பெரிய இடம் இருக்கிறது. ஜெர்மனியில் தாதி என்பது தனிப் படிப்பு, தனி உரிமம். அதனால் அந்த மணி நேரங்களில் பெரும்பகுதி இந்தத் தராசில் ஏறவே இல்லை. அவர்கள் ஊரில் பாதி வேலை முதியோரைச் சுற்றியே இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் முதியோருக்குக் கிடைப்பது ஓர் ஓரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் கூட வந்த அம்மாவோ அண்ணியோ செய்துவிடுவார்கள். நம் கையில் மருந்தும் ஊசியும் ஃபைலும்தான். ஜெர்மனியில் வார்டில் துணைக்கு ஆள் கிடையாது. உடம்பைத் துடைத்துவிடுவதில் தொடங்கி எல்லாமே செவிலியர் வேலை. பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த பக்கத்தையும் சேர்த்து எப்படி எழுப்பி உட்கார வைப்பது என்பதை நான் இங்கேதான் முறையாகக் கற்றேன். அந்தக் கடிதத்தில் இந்தப் பகுதி நியாயமானது என்றே இன்றைக்கும் சொல்வேன்.

நியாயமில்லாததும் இருந்தது. படிப்பில் உள்ள குறையை வேலை அனுபவத்தால் ஈடுகட்டலாம் என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. தனியார் மருத்துவமனையில் வருஷக்கணக்கில் நான் வேலை பார்த்திருந்தேன். ஆனால் அங்கே கொடுத்த சான்றில் 'ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எந்த வார்டு, என்ன பொறுப்பு, வாரம் எத்தனை மணி என்று இல்லாததால் அந்த உழைப்பு முழுக்கக் கணக்கில் சேரவில்லை. திருத்திக் கேட்டும் கிடைக்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

குறைபாட்டை நிரப்ப இரண்டு வழி. அன்பாசுங்ஸ்லேர்காங் என்ற தகவமைப்புப் பயிற்சி எடுத்து, விடுபட்ட பிரிவுகளில் வேலையும் வகுப்புமாக இருந்து, கடைசியில் ஓர் உரையாடலோடு முடிக்கலாம். இல்லாவிட்டால் கென்ட்னிஸ்ப்ரூஃபுங் என்ற அறிவுத் தேர்வு எழுதலாம். தோழி முதலாவதை எடுத்தாள், நான் தேர்வை எடுத்தேன். பேச்சில் தயக்கம் உள்ளவர்களுக்குப் பயிற்சி நல்லது. தேர்வு சீக்கிரம் முடியும், ஆனால் தவறினால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்.

அதுவரை வார்டில் எனக்கு உதவியாளர் பதவி, உதவியாளர் சம்பளம். அங்கீகாரத்துக்கென்றே இருக்கும் 16டி பிரிவு விசாவில்தான் வந்திருந்தேன். சென்னையில் பி2 என்ற மேல் இடைநிலை வரை ஜெர்மன் முடித்திருந்தேன். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது நான்கிலும் நூற்றுக்கு 60 வாங்கினால்தான் முழுச் சான்றிதழ். ஆனால் வார்டுப் பேச்சு வேறு. பல் செட்டைக் கழற்றி வைத்த ஒரு பெரியவர் வட்டாரப் பேச்சில் வலியைச் சொல்லும்போது எந்தப் பாடப்புத்தகமும் உதவாது. ஊரில் எத்தனையோ பேருக்கு நரம்பு தேடி, மருந்து ஏற்றும் சிறு குழாயான வென்ஃப்ளான் போட்ட கை. இங்கே எங்கள் வார்டில் அதை டாக்டர்தான் போடுவார். நான் பக்கத்தில் தட்டு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சம்பளம் குறைவதை விட இதுதான் வலித்தது.

எனக்குத் துணை நின்றது ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு மலையாளி சேச்சி. 1960-களிலேயே கேரளத்திலிருந்து இளம்பெண்கள் கத்தோலிக்கத் திருச்சபை வழியாக இங்கே செவிலியர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவருடைய பெரியம்மா அப்படி வந்தவர். "நீ போட்ட ஊசியைப் பத்தி இங்க யாரும் கேக்க மாட்டாங்க மோளே, எதுக்காகச் செய்யிறேன்னு காரணம் சொல்லு, அதைத்தான் கேப்பாங்க" என்றார். தேர்வு சரியாக அப்படித்தான் இருந்தது. வாய்மொழித் தேர்வு 45 முதல் 60 நிமிஷம். செய்முறையில் உண்மையான நோயாளிகள். பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், செய்து காட்ட வேண்டும், பிறகு ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்க வேண்டும். படுக்கைப் புண், விழுதல், ரத்தக்கட்டு, நிமோனியா ஒவ்வொன்றையும் எப்படித் தடுப்பேன் என்று துருவினார்கள். அந்தக் கேள்விகளுக்குத் தேவையான உடற்கூறியலும் நோயியலும் எனக்கு ஊரிலேயே ஊறிப்போனவை. அங்கே என் பட்டம் என்னைத் தாங்கிப் பிடித்தது. தேர்வாளர்களில் ஒருவர், எங்கே படித்தீர்கள் என்று கடைசியில் அக்கறையாக விசாரித்தார். கல்லூரியின் பெயரைப் பெருமையோடு சொன்னேன்.

உரிமப் பத்திரம் கைக்கு வந்த மாதத்திலிருந்து சம்பளமும் பொறுப்பும் ருமேனியச் சக செவிலியருக்குச் சமமாயின.

இந்தப் பாதையில் வர நினைப்பவர்கள் கல்லூரியை விட்டு வெளியே வரும் முன்பே பாடவாரி, வார்டுவாரி மணி நேரக் கணக்கை முத்திரையோடு வாங்கி வையுங்கள். வேலையை விடும்போது அனுபவச் சான்றில் பிரிவு, பொறுப்பு, வார மணி நேரம் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பெயரை எல்லா ஆவணத்திலும் இப்போதே ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் போகும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு தடவை விசாரியுங்கள். கல்லூரி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: அந்த மணி நேரக் கணக்கை, யாரும் கேட்காமலேயே, ஒவ்வொரு மாணவிக்கும் டி.சி.யோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.