ஸ்கேன் சொன்ன 4.1 கிலோ

தலைப்பிரசவத்துக்காகப் பள்ளத்தூரில் என் ஆத்தா வீட்டுக்கு வந்திருந்தேன். 37ஆவது வாரம் காரைக்குடியில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை 4.1 கிலோ என்று வந்தது. அதுவரை நான் காட்டிவந்த மருத்துவமனையில் அந்தத் தாளை வாங்கிப் பார்த்ததும், "பெரிய குழந்தை, சுகப்பிரசவம் ஆகாது, வருகிற வாரத்துக்குள் நல்ல நாள் பார்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. சர்க்கரைப் பரிசோதனை எப்படி வந்தது என்று கேட்கவும் இல்லை. ஆபரேஷன் அவசியமென்றால் செய்துகொள்ள எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஏன் அவசியம் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாததுதான் இன்றுவரை உறுத்துகிறது. அப்பச்சி (என் அப்பா) அன்று மாலையே பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு முகப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் பிடிவாதமாக இரண்டு நாள் அவகாசம் கேட்டு, மதுரையில் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் முன்பதிவு செய்தேன். அந்த முதல் பயணம் முற்றிலும் வீண். நிறைமாத வயிற்றோடு இரண்டு மணி நேரம் காரில் போய், அதற்குமேல் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே நுழைந்தால், அவர் கேட்ட இரண்டு தாள்களுமே என்னிடம் இல்லை. ஒன்று, முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் அறிக்கை. அது சென்னையில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. மற்றொன்று, 24ஆவது வாரத்தில் குளுக்கோஸ் குடித்துப் பார்த்த சர்க்கரை அளவு. என் கர்ப்பகால அட்டையில் "நார்மல்" என்று ஒரே சொல்தான் எழுதியிருந்தது, எண் இல்லை. கணவரை அழைத்து அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அவர் படங்கள் ஒட்டிய பக்கத்தை மட்டும் அனுப்பினார். குழந்தையின் நீளத்தை அளந்து வாரக்கணக்கு எழுதியிருந்த பக்கம் அதில் இல்லை. அதற்குள் மருத்துவர் அறுவை அரங்குக்குப் போய்விட்டார்.

எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்ததில்லை. ஆகவே கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்துப் போட்ட கணக்கை நம்ப முடியாது, முதல் ஸ்கேன் கணக்கே சரியானது என்று அடுத்த முறை அந்த மருத்துவர் விளக்கினார். 37 வாரமா 38 வாரமா என்று தெரியாமல் எந்த நாள்வரை வலிக்காகக் காத்திருக்கலாம் என்பதை முடிவு செய்ய இயலாதாம். ஆத்தா வீட்டுக்குப் புறப்படும்போது வளையல், சேலைகளை எடுத்து வைப்பதற்கு முன்னால், முதல் மாதத்திலிருந்து சேர்ந்த தாள்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனைகளில் எண்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சர்க்கரையை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள். அதை ஒரே மூச்சில் குடித்தது என் தவறு. கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்தப் பரிசோதனை செல்லாது. மறுநாள் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, மடக்கு மடக்காகக் குடித்து, இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தேன். முடிவு 118 என்று வந்தது; 140ஐத் தொட்டால்தான் கர்ப்பகாலச் சர்க்கரை.

அந்த எண் வந்த பிறகே முறையான பேச்சு தொடங்கியது. ஸ்கேன் காட்டும் எடை ஓர் ஊகம்தான், பத்து சதவீதத்துக்கு மேலும் கூடலாம் குறையலாம் என்று மருத்துவர் சொன்னார். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு, சர்க்கரை இல்லாத தாய்க்குக் குழந்தை 5 கிலோவும், சர்க்கரை உள்ள தாய்க்கு 4.5 கிலோவும் இருக்கும் என்று கணிக்கப்பட்டால்தான் முன்கூட்டியே சிசேரியனை யோசிக்கச் சொல்கிறது என்றும், நம் பெண்களின் உடல்வாகுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டு, முயன்று பார்க்கலாம் என்றார். நிபந்தனைகளும் வைத்தார்: அறுவை அரங்கும் குழந்தை மருத்துவரும் இருக்கும் இடத்தில்தான் பிரசவம், வலி வந்தும் கருப்பை வாய் திறப்பது நின்றுபோனாலோ, தலை இறங்காவிட்டாலோ மறுபேச்சின்றி ஆபரேஷன். நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டேன்.

அன்று அவர் சொல்லித்தந்தவற்றில் முக்கியமானது தோள் சிக்குவது பற்றியது. பெரிய குழந்தையின் தலை வெளியே வந்த பிறகு, முன்தோள் தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளக்கூடும். அப்போது முக்குவதை நிறுத்தச் சொல்வார்கள், தொடைகளை வயிற்றோடு சேர்த்து மடக்கிப் பிடிப்பார்கள், அடிவயிற்றில் எலும்புக்குச் சற்று மேலே அழுத்துவார்கள். மேல்வயிற்றை யாரும் அமுக்கக் கூடாது. அது தோளை மேலும் இறுக்கிவிடும். மல்லாந்து படுத்துத் தொடைகளை மடக்கும் அந்த அசைவை வீட்டில் தினமும் பழகினேன். வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றிக் காலையும் மாலையும் நடந்ததும், பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியை எண்ணெயிட்டு நீவிவிட்டதும் எளிதாகவே முடிந்தன. "எங்க காலத்துல இதெல்லாம் யாரு கண்டா" என்று சொல்லிக்கொண்டே ஆயாதான் (என் பாட்டி) எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்துத் தந்தார்கள்.

38ஆவது வாரம் மதுரையில் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கினேன். 39 வாரம் 2 நாளில் வலி தானாக எடுத்தது; பதினோரு மணி நேரம். தலை வந்ததும் ஒரு நொடி அமைதி, உடனே "முக்காதீங்க, காலை மடக்குங்க" என்ற குரல். பழகியிருந்ததால் யாரும் பிடிப்பதற்கு முன்பே என் கைகள் முழங்கால்களை இழுத்துவிட்டன. ஒரு செவிலியர் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்; தோள் விடுபட்டது. தராசு காட்டிய எடை 3 கிலோ 760 கிராம். பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியில் தோலோடு தசையும் கிழிந்த இரண்டாம் நிலைக் கிழிசலுக்குத் தையல் போட்டார்கள். பெரிய குழந்தை என்பதால் குதிகாலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். இரு கைகளும் நன்றாக அசைகின்றனவா என்றும் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

வீடு திரும்பும் நாளில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் "சுகப்பிரசவம், பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. ஒருமுறை தோள் சிக்கினால் அடுத்த பிரசவத்திலும் சிக்கும் வாய்ப்பு அதிகம் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்ததால், அதை எழுதித் தரும்படி கேட்டேன். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்கீங்கள்ல, அது எதுக்கும்மா?" என்றார் கணக்குப் பிரிவில் இருந்தவர். எழுதித் தராமல் அறையைக் காலி செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். மாலை நான்கு மணிக்கு மருத்துவரே வந்து, தோள் சிக்கியதையும், எந்த முறையில் விடுவிக்கப்பட்டது என்பதையும், எத்தனை நொடிகள் ஆயின என்பதையும் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். சென்னையிலிருந்து கணவர் கொண்டுவந்திருந்த அந்த முதல் ஸ்கேன் அறிக்கையோடு சேர்த்து அதை என் கோப்பில் வைத்த பிறகே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன்.