பரிசுத்த வாரக் குறிப்புகள், 2025

ஏப்ரல் 12, சனி

நாளை குருத்து ஞாயிறு. ஆலயம் கழுவப் போயிருந்தோம். ஏணியில் ஏறி மின்விசிறிகளைத் துடைத்தேன். இறக்கைக்கு இறக்கை உபயம், குடும்பப் பெயர், ஊர். பெஞ்சு முதுகிலும் அப்படித்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியம்மை பெயர் எதிலும் கிடையாது. எனக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பிருந்தே திருவிருந்துத் துணிகளைத் துவைத்துத் தருவது அவர்கள்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

களக்காட்டில் ஒரு துட்டி வீடு, துக்கம் கேட்கப் போயிருந்தோம். திரும்பும் வழியில் டோனாவூருக்குள் போய்விட்டு வந்தோம். அங்கே ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-இல் இறந்தார். தம் கல்லறைக்கு மேல் கல் நாட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். தாழ்மை என்றால் பிரசங்கத்தில் இந்தக் கதை வராமல் இருக்காது.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அவருக்குக் கல் எதற்கு? எழுதிய புத்தகங்களே பெயரைக் கடல் கடந்து கொண்டுபோய்விட்டன. அந்தக் குழந்தைகளுக்குப் பீத்துணி அலசி, காய்ச்சல் ராத்திரிகளில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களில் நம்மூர் அக்காமார் எத்தனையோ பேர். நெய்யூரில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட விதவைப் பெண் பொன்னம்மாள் பெயராவது அச்சில் ஏறியது, அதுவும் ஏமி அம்மையார் எழுதி வைத்ததால். மற்ற அக்காமார் பெயரைக் கேட்டால் எனக்கு ஒன்றுகூடச் சொல்லத் தெரியாது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பிரசங்கம் யோவான் 13. சீலையை அரையிலே கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களை இயேசு கழுவினதைப் போதகர் ஐயர் உருக்கமாகச் சொன்னார். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, நானும் பெரியம்மையும் பின்வாசல் குழாயடியில். திருவிருந்துப் பாத்திரம் துடைத்த துணியில் திராட்சரசக் கறை. வெந்நீர் கொண்டுவரட்டுமா என்றேன்.

"வெந்நியா? சோலிய முடிச்ச போ. கறை அப்படியே புடிச்சிக்கிடும் பிள்ளே. பச்சத் தண்ணியில கெடக்கட்டும்."

ஊறிய துணியைக் கசக்காமல் விரல் நுனியால் அமுக்கி அமுக்கி எடுத்தார்கள். முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடவில்லை, செம்பருத்தி மூட்டில் ஊற்றினார்கள். காய்ந்த பிறகுதான் கஞ்சி. நாளைக்குப் பெரிய வெள்ளி, மூன்று மணி நேர மும்மணி ஆராதனை, காயப்போட நேரம் இருக்காது என்பது மட்டும்தான் அவர்கள் கவலை.

ஏப்ரல் 20, உயிர்த்தெழுந்த ஞாயிறு

நன்றியுரை. பூ அலங்காரம், ஒலிபெருக்கி, பாடகர் குழு, காலை காப்பி உபயம், ஒருவர் விடாமல். ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பெயரும் இல்லை, பெரியம்மை பெயரும் இல்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று கமிட்டிக்காரர் ஒருவர் சமாளித்தார். எனக்குச் சுருக்கென்று வந்தது. அந்த வசனம் செய்கிறவருக்குச் சொன்னது. வாங்கிக்கொள்கிற நாம் அதைச் சொல்லி, கோயில்பிள்ளை சம்பளத்தை அப்படியே வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்? சொல்லியே விட்டேன். அடுத்த கமிட்டியில் எடுக்கிறார்களாம். பெரியம்மைக்குப் பொன்னாடையும் போடலாம் என்றார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

பொன்னாடை விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கக்கூட இல்லை.

"அத வச்சி நான் என்ன செய்ய? துணி வைக்க அலமாரிக் கதவு சேர மாட்டேங்கு, கரப்பான் போவுது. அதப் பாக்கச் சொல்லு."

பொருளாளரிடம் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை ஆசாரி வருகிறார்.